புடக்குகைகளுக்கான காப்புச் செராமிக் பூச்சுகள்

புடக்குகைக் காப்புப் பூச்சு என்பது, உருகிய உலோகமும் அதை ஏந்தும் புடக்குகையும் ஒன்றோடொன்று வினைபுரியாமல் தடுப்பதற்காகப் புடக்குகையின் உட்பரப்பில் இடப்படும் மெல்லிய செராமிக் படலம் ஆகும். யுரேனியம், டைட்டானியம், சிர்க்கோனியம் போன்ற வினைத்திறன் மிக்க உலோகங்களை உருக்குவதில் இதன் பங்கு பெரிது. இப்பூச்சுகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்கு தடிமனே கொண்டவை. ஆயினும் வார்ப்பின் தூய்மை, புடக்குகையின் ஆயுள், உலையின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் இப்படலத்தைச் சார்ந்துள்ளன.

எல்லா உலோகங்களுக்கும் பொருந்தும் பூச்சு எதுவும் இல்லை. ஓர் உலோகத்தை அமைதியாக ஏந்தும் பொருள் மற்றொன்றிடம் அரிபடும். எனவே உலோகம், வெப்பநிலை, புடக்குகைப் பொருள், சூழ்ந்துள்ள வாயு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே பூச்சு தேர்ந்தெடுக்கப்படுகிறது.

பின்னணி

உலோகத்தை உருக்கப் பயன்படும் வெப்பந்தாங்கும் கலமே புடக்குகை. பொற்கொல்லர் வழக்கில் இது மூசை என்றும் குகை என்றும் அழைக்கப்படுகிறது. புதிய மூசையைப் பயன்படுத்தும் முன் அதில் வெங்காரத்தை இட்டுச் சூடாக்கி, உருகிய வெங்காரம் உட்புறம் முழுவதும் பரவுமாறு சுழற்றுவது பொற்பட்டறைகளில் வழக்கம். அது கண்ணாடி போன்ற படலமாக மூசையின் நுண்துளைகளை அடைக்கும். பொன் துணுக்குகள் மூசையில் ஒட்டி வீணாவது இதனால் குறைகிறது. புடக்குகைப் பூச்சின் மிக எளிய வடிவம் இதுவே.

பொன், வெள்ளி ஆகியவை ஆக்சிஜனோடு எளிதில் சேராதவை. ஆதலால் அவற்றைப் பொறுத்தவரை ஒட்டாமல் இருந்தாலே போதும். வினைத்திறன் மிக்க உலோகங்களில் நிலைமை வேறு. அவை புடக்குகையின் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனையும், கிராஃபைட்டிலிருந்து கார்பனையும், சூழ்ந்துள்ள காற்றிலிருந்து நைட்ரஜனையும் கவர்ந்துகொள்கின்றன. இதனால்தான் இவை பெரும்பாலும் வெற்றிடத்திலோ ஆர்கான் போன்ற மந்த வாயுவிலோ உருக்கப்படுகின்றன. காற்றை வெளியேற்றிவிடலாம், உலோகத்தை ஏந்தும் சுவரை வெளியேற்ற முடியாது. அச்சுவரில் எழும் சிக்கலுக்கே பூச்சு தேவைப்படுகிறது.

மாசு ஏன் பெரிய சிக்கல்?

டைட்டானியம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வணிகத் தூய டைட்டானியத்தின் முதல் தரத்தில் ஆக்சிஜன் 0.18 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதன் குறைந்தபட்ச இழுவலிமை 240 மெகாபாஸ்கல். நான்காம் தரத்தில் ஆக்சிஜன் 0.40 விழுக்காடு வரை அனுமதிக்கப்படுகிறது; அதன் குறைந்தபட்ச இழுவலிமை 550 மெகாபாஸ்கல். ஆக்சிஜன் கூடும்போது உலோகம் வலுவடைகிறது. அதே வேளையில் வளைந்து கொடுக்கும் தன்மையை இழந்து நொறுங்கத் தொடங்குகிறது. இந்தத் தரங்களைப் பிரிக்கும் வேறுபாடு ஆயிரத்தில் இரண்டு பங்கு ஆக்சிஜனே. பொருந்தாத புடக்குகை ஒரே உருக்கலில் இந்த அளவைத் தாண்டி ஆக்சிஜனைச் சேர்த்துவிடக்கூடும்.

யுரேனியத்தை வெறும் கிராஃபைட்டில் உருக்கினால் யுரேனியம் கார்பைடு உண்டாகிறது. அது கடினமான துகள்களாக வார்ப்பினுள் தங்கிவிடும். புடக்குகைச் சுவரில் ஒட்டி நிற்கும் உலோகமும் இழப்பாகிறது. அணு எரிபொருளில் இது இருமடங்கு சுமை: மதிப்புள்ள பொருள் வீணாவதுடன், கதிரியக்கக் கழிவின் அளவும் கூடுகிறது.

பூச்சுப் பொருளைத் தேர்ந்தெடுத்தல்

1. ஆக்சைடின் நிலைப்புத்தன்மை

ஓர் உலோகம் மற்றோர் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்குமா என்பதை அறியக் கிப்ஸ் கட்டிலா ஆற்றல் பயன்படுகிறது. மேல்நிலைப் பள்ளி வேதியியலில் வரும் எலிங்கம் வரைபடம் இதையே காட்டுகிறது. அவ்வரைபடத்தில் கீழே உள்ள உலோகம், மேலே உள்ள உலோகத்தின் ஆக்சைடை ஒடுக்கும். எனவே உருக்கப்படும் உலோகத்தின் ஆக்சைடைவிடக் கீழே அமையும் ஆக்சைடையே பூச்சாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு மோல் ஆக்சிஜனுக்கு, 25 டிகிரி செல்சியஸில், ஆக்சைடு உருவாகும்போது வெளிப்படும் கட்டிலா ஆற்றல் (கிலோஜூலில், தோராயமாக):

- சிலிக்கா: 856
- டைட்டானியம் மோனாக்சைடு: 990
- யுரேனியம் டையாக்சைடு: 1,032
- சிர்க்கோனியா: 1,040
- அலுமினா: 1,055
- மக்னீசியா: 1,138
- கால்சியம் ஆக்சைடு: 1,207
- இட்ரியம் ஆக்சைடு (இட்ரியா): 1,211

இந்த எண் பெரிதாக இருந்தால் ஆக்சைடு உறுதியானது. வெப்பநிலை உயரும்போது மதிப்புகள் மாறும். குறிப்பாக மக்னீசியம் 1,090 டிகிரி செல்சியஸில் ஆவியாகிவிடுவதால், உயர் வெப்பநிலையிலும் வெற்றிடத்திலும் மக்னீசியா பட்டியல் காட்டும் அளவுக்கு உறுதியாக நிற்பதில்லை.

2. உலோகத்தில் கரைதல்

மேற்கண்ட பட்டியலை மட்டும் நம்பினால், அலுமினாப் புடக்குகையில் டைட்டானியத்தை உருக்கலாம் என்று தோன்றும். நடைமுறையில் அது நடப்பதில்லை. எலிங்கம் வரைபடம் தூய உலோகம் தூய ஆக்சைடாக மாறுவதை மட்டுமே கணக்கிடுகிறது. டைட்டானியமோ தனி ஆக்சைடாக மாறாமலேயே, திட நிலையில் கூட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அணுக்கள் அளவுக்கு ஆக்சிஜனைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அலுமினாவிலிருந்து விடுபடும் அலுமினியமும் டைட்டானியத்தில் கரைந்துவிடும். இவ்வாறு இரு விளைபொருள்களும் உருகலில் கரைந்து மறைவதால் வினை தொடர்ந்து முன்னேறுகிறது. பூச்சை மதிப்பிடும்போது, வினை நிகழுமா என்பதோடு வினையின் விளைவு எங்கே போகும் என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது.

3. நனைதல்

உருகிய உலோகத்துளி ஒரு பரப்பில் பரவுமா, திரண்டு நிற்குமா என்பதைச் சேர்கோணம் காட்டுகிறது. கோணம் 90 டிகிரிக்கு மேல் இருந்தால் உலோகம் பரப்பை நனைப்பதில்லை. தாமரை இலை மேல் நீர்த்துளி உருள்வது இதைப் போன்றதே. நனையாத பூச்சில் உலோகம் நுண்துளைகளுக்குள் எளிதில் புகாது. உறைந்த கட்டியும் சுலபமாகக் கழன்று வரும்.

4. வெப்ப விரிவாக்கம்

பூச்சும் புடக்குகையும் சூட்டில் ஒத்த அளவில் விரிய வேண்டும். உயர் அடர்த்திக் கிராஃபைட் வகைகள் பலவற்றின் விரிவாக்கக் குணகம் கெல்வினுக்குப் பத்து இலட்சத்தில் 4 முதல் 5 பங்கு; இட்ரியாவுக்கு ஏறக்குறைய 8; சிர்க்கோனியாவுக்கு ஏறக்குறைய 10. இந்த வேறுபாடு ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் இடைமுகத்தில் தகைவை உண்டாக்குகிறது. சில உருக்கல்களுக்குப் பின் பூச்சு விரிசல் விட்டுச் செதில் செதிலாக உரிவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

5. அடித்தளத்தோடு உள்ள உறவு

பூச்சு உலோகத்தைத் தாங்கினால் மட்டும் போதாது; தான் ஒட்டியிருக்கும் புடக்குகையோடும் வினைபுரியக் கூடாது. மிக உயர்ந்த வெப்பநிலையில், குறிப்பாக வெற்றிடத்தில், சிர்க்கோனியா கிராஃபைட்டோடு வினைபுரிந்து கார்பைடாக மாறி, கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அவ்வாயு பூச்சைப் பின்புறமிருந்து தள்ளிப் பெயர்க்கும்.

முக்கியப் பூச்சுப் பொருள்கள்

இட்ரியா: உருகுநிலை 2,400 டிகிரி செல்சியஸுக்கு மேல். யுரேனியம், அதன் கலப்புலோகங்கள் ஆகியவற்றுக்கு மிகவும் பயன்படுவது. டைட்டானிய வார்ப்பச்சுகளின் உட்பூச்சாகவும் அமைகிறது. அருமண் தனிமத்தின் ஆக்சைடு என்பதால் விலை கூடியது. வெப்ப அதிர்ச்சியைத் தாங்கும் திறன் குறைவு.

சிர்க்கோனியா: தூய சிர்க்கோனியா ஏறக்குறைய 1,170 டிகிரி செல்சியஸில் படிக அமைப்பை மாற்றிக்கொள்கிறது. ஆறும்போது அதன் பருமன் 4 முதல் 5 விழுக்காடு வரை பெருகுவதால் பூச்சு வெடித்துவிடும். இட்ரியா, கால்சியம் ஆக்சைடு அல்லது மக்னீசியாவைச் சேர்த்து நிலைப்படுத்திய பிறகே இது பூச்சாகப் பயன்படுகிறது.

கால்சியம் ஆக்சைடு: நிலைப்புத்தன்மையில் இட்ரியாவுக்கு நிகரானது, விலையும் மலிவு. ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து நீறிப் பொடியாகிவிடும். சுட்ட சுண்ணாம்பு மழைக்காலத்தில் தானாகப் பூத்துப்போவது போன்ற மாற்றமே இது. எனவே இதைச் சேமிப்பதும் கையாள்வதும் கடினம்.

போரான் நைட்ரைடு: கிராஃபைட்டைப் போன்ற அடுக்கமைப்பு கொண்ட வெண்ணிறப் பொருள். உருகிய அலுமினியம் இதை எளிதில் நனைப்பதில்லை. அலுமினிய வார்ப்பகங்களில் அகப்பை, வெப்பமானி உறை போன்றவற்றின் மேல் பூசப்படுகிறது.

சிலிக்கான் நைட்ரைடு: சூரிய மின்கலத்துக்கான பல்படிகச் சிலிக்கானை உறைய வைக்கும் சிலிக்காப் புடக்குகைகளில் பூசப்படுகிறது. சிலிக்கான் ஓர் உலோகப்போலி. பூச்சு இல்லாவிடில் 1,414 டிகிரி செல்சியஸில் உருகிய சிலிக்கான் சிலிக்காச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஆறும்போது சுவரும் கட்டியும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் கட்டி பிளந்துவிடும். இங்கே பூச்சின் முதன்மைப் பணி கட்டியைக் கழன்று வரச் செய்வதாகும்.

பூசும் முறைகள்

குழம்புப் பூச்சு: செராமிக் தூளை நீரிலோ ஆல்ககாலிலோ கலந்து, சிறிது பிணைப்பான் சேர்த்துக் குழம்பாக்கித் தூரிகையால் பூசுவர் அல்லது தெளிப்பர். பிறகு உலர்த்திச் சுடுவர். செலவு குறைந்த முறை. எந்த வடிவப் புடக்குகைக்கும் பொருந்தும். ஆனால் பிடிப்பு வலிமை குறைவு; பெரும்பாலும் ஒவ்வோர் உருக்கலுக்கும் முன்பு மீண்டும் பூச வேண்டும். குழம்பு முழுமையாக உலர்வது இன்றியமையாதது. ஈரம் எஞ்சியிருந்தால் சூடான யுரேனியம் அதோடு வினைபுரிந்து ஆக்சைடாகி ஹைட்ரஜனை வெளியிடும்.

பிளாஸ்மா தெளிப்பு: மின்வில்லால் உண்டாக்கப்படும் பிளாஸ்மாத் தாரையின் மையத்தில் வெப்பநிலை 10,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் செலுத்தப்படும் செராமிக் தூள் உருகி, பரப்பில் மோதித் தட்டையாகி, வரட்டி தட்டியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகிறது. இது குழம்புப் பூச்சைவிட உறுதியாகப் பிடிக்கும், பலமுறை பயன்படும். அடுக்குகளுக்கிடையே நுண்துளைகள் எஞ்சுவது இதன் குறை. எனினும் ஓரளவு நுண்துளைகள் வெப்பத் தகைவைத் தளர்த்தவும் உதவுகின்றன. ஆகவே துளைகளை முற்றிலும் நீக்குவதைவிட, அவை ஒன்றோடொன்று இணைந்து உலோகத்துக்கு வழி விடாதபடி செய்வதே நோக்கம்.

ஆவிப் படிவு: வாயு நிலையிலுள்ள சேர்மங்களைப் பரப்பின்மேல் வினைபுரியச் செய்து படலத்தை வளர்க்கும் முறை. மிக அடர்த்தியான படலம் கிடைக்கும். பெரிய புடக்குகைகளுக்குச் செலவு மிகுதி.

விரிவாக்க வேறுபாட்டைச் சமாளிக்க, இடைப்பட்ட குணகம் கொண்ட ஒரு பொருளை முதலில் பூசி, அதன்மேல் இறுதிப் பூச்சை இடுவதும் உண்டு. இது பிணைப்புப் படலம் எனப்படும்.

யுரேனியம்: போர்க்காலம் முதல் எரிபொருள் வார்ப்பு வரை

வினைத்திறன் மிக்க உலோகங்களுக்கான கலன்கள் பற்றிய ஆய்வு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் மன்ஹாட்டன் திட்டத்தில் வேகம் பெற்றது. ஏம்ஸ் நகரிலுள்ள அயோவா மாநிலக் கல்லூரியில் யுரேனியம் டெட்ராபுளோரைடை ஒடுக்கி உலோகமாக்கிய எஃகுக் கலங்களுக்கு முதலில் கால்சியம் ஆக்சைடு உட்சுவராக இடப்பட்டது. பின்னர், ஒடுக்க வினையிலேயே கசடாகக் கிடைக்கும் மக்னீசியம் புளோரைடு அரைக்கப்பட்டு உட்சுவராகப் பயன்பட்டது.

அதே காலத்தில் பெர்க்லியில் லியோ புரூவர் தலைமையிலான குழு புளூட்டோனியத்துக்கான புடக்குகையைத் தேடியது. அப்போது காணத்தக்க அளவில் புளூட்டோனிய உலோகம் யார் கையிலும் இல்லை. அதன் உருகுநிலையும் தெரியாது. எனவே அக்குழு மிக மோசமான நிலையைக் கருதி, மிக உயர்ந்த வெப்பநிலையிலும் தாங்கக்கூடிய பொருளை நாடியது. ஆக்சைடுகளை விட்டுச் சல்பைடுகளை ஆராய்ந்ததன் பயனாகச் சீரியம் சல்பைடுப் புடக்குகை உருவானது. பித்தளை போன்ற மஞ்சள் நிறமுடைய அது ஏறக்குறைய எல்லா உலோகங்களையும் ஏந்தியது. அதைத் தாக்கியது, வினைபுரியாமைக்குப் பெயர்பெற்ற பிளாட்டினம். பிளாட்டினம் சீரியத்தோடு உறுதியான உலோகச் சேர்மத்தை உண்டாக்கியதே காரணம். புளூட்டோனியத்தின் உருகுநிலை 640 டிகிரி செல்சியஸ் மட்டுமே என்பது பின்னர் தெரியவந்தது. எந்தப் பொருளையும் தனியாக வைத்து 'வினைபுரியாதது' எனக் கூற முடியாது என்பதற்கு இந்நிகழ்வு நல்ல சான்று.

யுரேனியத்தின் உருகுநிலை 1,132 டிகிரி செல்சியஸ். வார்ப்பதற்கு இதைவிடச் சில நூறு டிகிரி கூடுதலாகச் சூடாக்குவர். புடக்குகைக்கு விரும்பப்படுவது கிராஃபைட். அது வெப்ப அதிர்ச்சியைத் தாங்கும். எளிதாகக் கடைந்து வடிவமைக்கலாம். தூண்டல் உலையில் தானே சூடேறி உலோகத்துக்கு வெப்பத்தைத் தரும். அதன் ஒரே பெருங்குறையான கார்பன் கலப்பை இட்ரியாப் பூச்சு தடுக்கிறது.

அமெரிக்காவின் ஐடஹோவில் இயங்கிய இரண்டாம் பரிசோதனை ஈனுலைக்கு யுரேனியம்–சிர்க்கோனியம் எரிபொருள் ஊசிகள் உட்செலுத்து வார்ப்பு முறையில் செய்யப்பட்டன. இட்ரியா பூசிய கிராஃபைட் புடக்குகையில் உலோகம் உருக்கப்பட்டது. சிர்க்கோனியா பூசிய மெல்லிய குவார்ட்சுக் குழாய்கள் அதனுள் இறக்கப்பட்டன. வாயு அழுத்தத்தை உயர்த்தியதும் உலோகம் குழாய்களுக்குள் ஏறி உறைந்தது. பின்னர் குழாய்கள் உடைத்து நீக்கப்பட்டன. பூச்சு செம்மையாக இல்லாத இடங்களில் சிர்க்கோனியம் குவார்ட்சிலிருந்து சிலிக்கானையும் ஆக்சிஜனையும் கவரும். உடைந்த குழாய்த் துண்டுகளும் புடக்குகையில் எஞ்சும் கசடும் கதிரியக்கக் கழிவாகின்றன. அடிக்கடி பூச வேண்டிய குழம்புப் பூச்சுக்கு மாற்றாக நீடித்து உழைக்கும் பிளாஸ்மாப் பூச்சுகளை நாடுவதற்கு இக்கழிவைக் குறைப்பதும் ஒரு காரணம். கொரிய அணுசக்தி ஆராய்ச்சி நிறுவனம் உள்ளிட்டவை இத்திசையில் ஆய்வு செய்துள்ளன.

இந்தியாவில் கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், உலோக எரிபொருளின் உயர்வெப்ப மறுசெயலாக்கத்துக்காக உயர் அடர்த்திக் கிராஃபைட்டின் மேல் பிளாஸ்மாவால் தெளிக்கப்பட்ட செராமிக் பூச்சுகள் ஆராயப்பட்டுள்ளன. இம்முறையில் லித்தியம் குளோரைடு–பொட்டாசியம் குளோரைடு உருகிய உப்பில் மின்னாற்பகுப்பு மூலம் யுரேனியம் பிரிக்கப்படுகிறது. பின்னர் அதோடு ஒட்டிய உப்பை ஆவியாக்கி நீக்கி, உலோகம் உருக்கிக் கட்டியாக்கப்படுகிறது. எனவே இங்குள்ள பூச்சு உருகிய உப்பு, உருகிய உலோகம் இரண்டையும் தாங்க வேண்டியுள்ளது.

டைட்டானியம்: பூச்சின் எல்லை

டைட்டானியத்தின் உருகுநிலை 1,668 டிகிரி செல்சியஸ். இந்த வெப்பநிலையில் இட்ரியாவும் கால்சியம் ஆக்சைடும் கூட மெல்ல ஆக்சிஜனை இழக்கின்றன. டைட்டானியம்–அலுமினியம் கலப்புலோகங்களுக்கு இப்பூச்சுகள் ஓரளவு பயன்படுகின்றன. தூய டைட்டானியத்தைப் பெருமளவில் உருக்கத் தொழில்துறை மேற்கொண்டது வேறு வழி.

அவ்வழியில் புடக்குகை செம்பால் ஆனது; அதன் சுவர் நீரால் இடைவிடாது குளிர்விக்கப்படுகிறது. செம்பு 1,085 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஆயினும் குளிர்ந்த சுவரைத் தொட்டவுடன் டைட்டானியம் உறைந்து ஓடு போன்ற படலமாகிறது. உள்ளே உருகிய டைட்டானியம் தன் சொந்த ஓட்டினுள்ளேயே இருப்பதால் வெளி மாசு சேர்வதில்லை. உலோகமே தனக்குப் பூச்சாக அமையும் முறை எனலாம். வெற்றிட மின்வில் மறு உருக்கலும் தூண்டல் ஓட்டு உருக்கலும் இக்கொள்கையில் இயங்குகின்றன.

இதற்கும் விலை உண்டு. செலுத்தப்படும் வெப்பத்தின் பெரும்பகுதி குளிர்விக்கும் நீரோடு போய்விடுகிறது. உருகலை உருகுநிலைக்கு மேல் அதிகம் சூடாக்க முடியாததால் மெல்லிய, நுணுக்கமான வார்ப்புகள் நிரம்பாமல் போகக்கூடும். மின்வில் இடம் மாறிச் செம்பைத் துளைத்தால் நீர் உருகிய டைட்டானியத்தைச் சேர்ந்து, நீராவியும் ஹைட்ரஜனும் திடீரெனப் பெருகி வெடிக்கும். இதனால் இத்தகைய உலைகள் தடித்த காப்புச் சுவர்களுக்குள் வைத்துத் தொலைவிலிருந்து இயக்கப்படுகின்றன. நீடித்து உழைக்கும் செராமிக் பூச்சுக்கான தேடல் டைட்டானியத்திலும் தொடர்வதற்கு இக்குறைகளே காரணம். பேரியம் சிர்க்கோனேட், கால்சியம் சிர்க்கோனேட் போன்ற கலப்பு ஆக்சைடுகள் இத்தேடலில் ஆராயப்படுகின்றன.

அச்சில் வார்க்கும்போது உலோகம் விரைவில் உறைந்துவிடுவதால் சிக்கல் குறைவு. ஆகவே மெழுகு வார்ப்பு முறையில் அச்சின் உட்பரப்பில் இட்ரியா அல்லது சிர்க்கோனியா பூசப்படுகிறது. அப்படியும் வார்ப்பின் மேற்பரப்பில் ஆக்சிஜன் மிகுந்த கடினத் தோல் உருவாகும். அது அமிலத்தால் அரித்து நீக்கப்படுகிறது.

பழுதடைதலும் சோதித்தலும்

பூச்சு பெரும்பாலும் மூன்று வழிகளில் பழுதடைகிறது. முதலாவது, வெப்பச் சுழற்சியால் உரிதல். இரண்டாவது, விரிசல் வழியே உலோகம் ஊடுருவிப் பின்புறமுள்ள கிராஃபைட்டைத் தாக்குதல். மூன்றாவது, உருகலின் ஓட்டத்தால் பரப்பு தேய்ந்து துகள்கள் உலோகத்தில் கலத்தல். யுரேனியம் போன்ற கனமான உலோகங்களில் மூன்றாவது வகைத் துகள்கள் மேலே மிதந்து கசடாகச் சேரும். அவற்றை நீக்குவது எளிது. ஆனால் வார்ப்பினுள் சிக்கிக்கொண்ட துகள் விரிசலின் தொடக்கப்புள்ளியாகலாம்.

புதிய பூச்சை மதிப்பிட, பூசிய தகட்டின்மேல் உலோகத்துளியை உருக்கிச் சேர்கோணம் அளக்கப்படுகிறது. பின்னர் தகட்டை வெட்டி மின்னணு நுண்ணோக்கியில் வினைப்படலத்தின் தடிமன் பார்க்கப்படுகிறது. எக்சு-கதிர் விளிம்பு விளைவு மூலம் புதிதாக உருவான சேர்மங்கள் அறியப்படுகின்றன. திரும்பத் திரும்பச் சூடாக்கிக் குளிர்வித்து, எத்தனை சுழற்சிகளில் உரிகிறது என்பதும் கணக்கிடப்படுகிறது. உருகிய உலோகத்தின் ஆக்சிஜன், கார்பன் அளவுகளை உருக்கலுக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவது இறுதிச் சோதனை ஆகும். பூச்சு பார்வைக்குப் பழுதின்றி இருந்தாலும், உலோகத்தில் மாசு கூடியிருந்தால் அது அந்த உலோகத்துக்கு ஏற்றதன்று.